பெரியவளும் சின்னவளும் ஒரு ஸ்டியரிங்கும்

இந்தத் தடவை முடிவு என்னுடையது. யார் தடுத்தாலும் சரி. மனைவி தடுத்தால் மட்டும் கொஞ்சம் யோசிக்கலாம். மற்றபடி முடிவு என்னுடையதுதான்.

இந்தச் சபதத்தைக் குளியலறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, குழாயை முழுசாகத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தின் மறைவில் வாய்விட்டே எடுத்தேன்.

"யார்கூட பேசிட்டிருக்கீங்க?" என்று வெளியிலிருந்து குரல் வந்தது.

"பாட்டுப் பாடுறேன்."

"நல்லா இல்ல. நிறுத்துங்க."

நிறுத்திவிட்டேன். நிறுத்தியது பாட்டைத்தான், சபதத்தை அல்ல.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். மூக்குக் கண்ணாடி. கடைக்குப் பின்னால் ஓர் இருட்டறை. எதிர்ச் சுவரில் பெரிதிலிருந்து பொடி வரை எழுத்துகள். வருகிறவர் மூக்கில் கனமான ஒரு வட்டச் சட்டத்தை மாட்டி, அதில் ஒரு வில்லையைப் போட்டு "இது தெளிவா?" என்பேன். அதை எடுத்துவிட்டு வேறொன்றைப் போட்டு "அது தெளிவா?" என்பேன். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் மனுஷன் நெற்றியைச் சுருக்கி, மூச்சைப் பிடித்து, சொத்துத் தகராறில் தீர்ப்பு சொல்கிற மாதிரி யோசித்து, "இன்னொரு தடவை காட்டுங்க" என்பார்.

முன்பக்கம் ஃப்ரேம் விற்கும்போதும் இதே வித்தைதான். "ஃப்ரேம் மாத்தணுமா?" என்று கேட்கவே கூடாது. "கறுப்பா, பழுப்பா?" என்றுதான் கேட்க வேண்டும். இரண்டையும் கையில் கொடுத்துவிட்டால் போதும், ஆள் கண்ணாடி முன்னால் நின்று மூஞ்சியை அப்படியும் இப்படியும் திருப்ப ஆரம்பித்துவிடுவார். பழைய ஃப்ரேமே நன்றாகத்தானே இருந்தது என்பது வீட்டுக்குப் போன பிறகுதான் உறைக்கும்.

கல்யாணமான புதிதில் என் மனைவி கடையில் கல்லாவில் உட்காருவாள். இந்தத் தொழில் ரகசியத்தை அவளிடம் மீசையை முறுக்கிக்கொண்டு விளக்கினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு "ஓஹோ" என்றாள். அவள் "ஓஹோ" என்றால் எதையோ பத்திரமாக மடித்து உள்ளே வைத்துக்கொண்டாள் என்று அர்த்தம். அது எனக்கு அப்போது தெரியாது. இப்போது தெரியும், பிரயோஜனமில்லை.

ஊரார் மூக்கில் எதை மாட்டுவது என்று நான் முடிவு செய்கிறேன். என் மூக்கில் இருப்பது அவள் முடிவு செய்தது. சோபா அவள் முடிவு. சுவர் வண்ணம் அவள் முடிவு. என் தலையில் வகிடு எந்தப் பக்கம் என்பதுகூட அவள் முடிவு. அதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். கார் விஷயம்தான் தொண்டையில் முள்ளாக நிற்கிறது. காரை ஓட்டுவது அவள். ஒரே ஒரு நாள் நான் பின்பக்கமாக எடுத்தபோது என் கடைப் பலகையையே சாய்த்துவிட்டேன். 'தெளிவான பார்வைக்கு எங்களை நாடுங்கள்' என்று எழுதியிருந்த பலகை. அன்று அவள் கைப்பைக்குள் போன சாவி இன்றுவரை வெளியே வரவில்லை. நான் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, இல்லாத பிரேக்கை மிதித்து மிதித்து வலது கால் செருப்பைத் தேய்த்ததுதான் மிச்சம்.

எனக்கு ஒரு ஸ்டியரிங் வேண்டும். வாழ்க்கையில் ஒன்றே ஒன்று. அதை நான் பிடிக்க வேண்டும், மற்றவர்கள் பின்னால் உட்கார வேண்டும். இவ்வளவுதான் ஐயா என் ஆசை. இது பேராசையா?

ஆசைக்கு நெய் ஊற்றியவர் பக்கத்து வீட்டுப் பல் டாக்டர். அவரிடம் ஒரு மோட்டார் படகு இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைதோறும் ஏரிக்குப் போய்விட்டு, முகமெல்லாம் சிவந்து, மதில்மேல் முழங்கையை ஊன்றி நிற்பார்.

"என்ன சார், இன்னிக்கு லீவுக்கு என்ன பண்ணீங்க?"

"மிக்ஸி ரிப்பேர் பண்ணேன்."

"ஓடுதா?"

"நான் தொடறதுக்கு முன்னாடி ஓடிட்டிருந்துச்சு."

"நாங்க படகுல போனோம் சார். நான்தான் ஓட்டினேன். வீட்டுக்காரி, பசங்க எல்லாம் பின்னாடி. போயிட்டு வர்ற வரைக்கும் யாரும் எனக்கு ஒரு புத்திமதி சொல்லல."

"சொல்லலையா! உங்க வீட்டுலயா!"

"சொன்னாலும் கேக்காது சார். இன்ஜின் சத்தம்."

சொன்னாலும் கேக்காது! அந்த வார்த்தை காதில் தேனாகப் பாய்ந்தது. அன்று ராத்திரி முழுக்க இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது, என் தலைக்குள்.

மறுநாள் சாப்பாட்டு மேஜையில் பேச்சைத் தொடங்கினேன். ஏரிக் காற்று உடம்புக்கு நல்லது, எங்கள் பெண்ணுக்குத் தைரியம் வரும், குடும்பம் ஒன்றாக வெளியே போன மாதிரி இருக்கும் என்று கை நிறையக் காரணங்கள் வைத்திருந்தேன்.

"நாம ஒரு படகு வாங்கலாமா?"

"வாங்கலாமே."

"இல்ல, எதுக்குச் சொல்றேன்னா ஏரிக் காத்து..."

"வாங்கலாம்னு சொல்றேனே."

"பொண்ணுக்கும் ஒரு தைரியம்..."

"அட, வாங்கலாங்க! காதுல விழலையா?"

கதவை உடைக்கத் தோளைச் சாய்த்து ஓடி வந்தவனுக்கு யாரோ கதவைத் திறந்துவிட்ட மாதிரி ஆகிவிட்டது. விழாத குறைதான்.

"ஏரிக்கரைப் படகுக் கடையில ரெண்டு படகு நிக்குது. போன வாரம் அந்த வழியா வந்தப்போ பாத்தேன். ரெண்டுமே நமக்குத் தோதான அளவு. எதுன்னு நீங்களே பாத்து முடிவு பண்ணுங்க" என்றாள்.

"நானேவா?"

"நீங்களேதான். எனக்குப் படகைப் பத்தி என்ன தெரியும்?"

எதிரே உட்கார்ந்திருந்த என் மகள் அம்மாவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். தலையைத் தட்டுக்குள் கவிழ்த்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. பாவம், புரையேறிவிட்டது போலிருக்கிறது என்று நான்தான் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன்.

அடுத்த சனிக்கிழமை மூவரும் படகுக் கடைக்குப் போனோம். கடைக்காரர் குட்டையான மனிதர். படகுகளை மாட்டைத் தட்டிக்கொடுக்கிற மாதிரி தட்டிக்கொடுத்துக்கொண்டே நடந்தார். இரண்டு படகுகளும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. இரண்டும் வெள்ளை. இரண்டும் ஒரே நீளம். எனக்குத் தலை சுற்றியது.

"ஒரே கம்பெனி, ஒரே இன்ஜின் சார். அக்கா தங்கச்சி மாதிரி. இவ முதல்ல வந்தவ, பெரியவ. அவ சின்னவ."

"இதுல எது நல்லது?"

"ரெண்டும் நல்லதுதான் சார்."

"அது தெரியுது. ரொம்ப நல்லது எது?"

"உங்களுக்கு எது பிடிக்குதோ அது சார்."

"இந்த பதிலைச் சொல்லித்தான் நானும் என் கடையை நடத்துறேன். எங்கிட்டயேவா?"

கடைக்காரர் சிரித்தார். நான் இரண்டிலும் ஏறினேன், இறங்கினேன், மறுபடி ஏறினேன். பெரியவளுக்குப் பின்பக்கம் தண்ணீரில் இறங்க ஓர் ஏணி. சின்னவளுக்கும் ஏணி, ஆனால் மடக்கு ஏணி. பெரியவளுக்குத் துணிக் கூரை நீலம். சின்னவளுக்குச் சாம்பல். "பொண்ணு பாக்க வந்த மாதிரி வழியாதீங்க" என்றாள் மனைவி.

அப்போதுதான் முக்கியமான வித்தியாசத்தைக் கவனித்தேன். பெரியவளில் ஸ்டியரிங்குக்கு எதிரே இருந்தது ஒரு நீளப் பெஞ்ச். இரண்டு பேர் ஒட்டி உட்காரலாம். சின்னவளில் இருந்தது ஒற்றை நாற்காலி. உயரமானது. கைப்பிடி வைத்தது. ஒரு தட்டுத் தட்டினால் சுற்றி வந்து நிற்கும். உட்கார்ந்து பார்த்தேன். அடேயப்பா! உலகமே கீழே கிடந்தது. பக்கத்தில் இன்னொரு ஆள் உட்கார ஒரு விரற்கடை இடம் கிடையாது. என் பிறவிப்பயன் அந்த நாற்காலிதான் என்று தெரிந்துவிட்டது.

"சார், எதை எடுத்தாலும் ஓட்டுறவங்க கையில லைசென்ஸ் இருக்கணும். சனிக்கிழமை சனிக்கிழமை துறையிலயே க்ளாஸ் நடக்குது. கடைசியில ஒரு பரீட்சை..." என்று கடைக்காரர் ஆரம்பித்தார்.

"அதெல்லாம் அப்புறம். முதல்ல இந்தக் கப் வைக்கிற குழி எதுல ஜாஸ்தி, சொல்லுங்க."

எனக்குப் பின்னால் நின்ற மனைவி "ஓஹோ" என்றாள். நான் குழிகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வரும் வழியிலேயே திட்டம் தயாராகிவிட்டது. எங்கள் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. நான் ஒன்றை நல்லது என்றால் அது அந்த நிமிஷமே கெட்டதாகிவிடும். நான் புகழ்ந்த திரைத்துணியை அவள் கையால்கூடத் தொட்டதில்லை. ஆகவே எனக்குச் சின்னவள் வேண்டுமென்றால் என்ன செய்ய வேண்டும்? பெரியவளைப் புகழ வேண்டும். எவ்வளவு சுலபம்! இந்த மூளையை வைத்துக்கொண்டு இவ்வளவு வருஷம் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று என்மேலேயே கோபம் வந்தது.

"பெரியவதான் சரி. என்ன அழகு, என்ன லட்சணம்! சின்னவ எல்லாம் ஒரு படகா?" என்றேன், காரில்.

அவள் ஸ்டியரிங்கைத் திருப்பிக்கொண்டே, "எனக்கும் அதேதான் தோணுச்சு" என்றாள்.

"என்னது?"

"பெரியவளையே எடுத்துக்கலாம். முன்னாடி நல்ல பெஞ்சு. நீங்க ஓட்டுவீங்க, நான் பக்கத்துலயே உக்காந்து வழி சொல்லிட்டே வருவேன்."

இல்லாத பிரேக்கை ஓங்கி மிதித்தேன்.

அன்றிலிருந்து பிடித்தது சனி. நானே வானளாவப் புகழ்ந்த பெரியவளை நானே கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறக்க வேண்டியிருந்தது.

"யோசிச்சுப் பாத்தேன். பெரியவ இன்ஜின்ல ஏதோ ஒரு சத்தம் கேட்டுச்சு."

"ரெண்டும் ஒரே இன்ஜின்தானே?"

"ஒரே இன்ஜின்தான். ஆனா இவகிட்ட அது முணுமுணுன்னு ஒரு மாதிரி முணுமுணுக்குது."

"அது உங்களுக்குப் பழக்கம்தானே, விடுங்க."

"கூரை நீலம் வேற. வெயில்ல வெளுத்துடும்."

"நேத்துதானே அந்த நீலத்தைப் பாத்து வானம் மாதிரி இருக்குன்னீங்க?"

"வானமும் வெளுக்கத்தானே செய்யுது?"

"உங்க இஷ்டம். நீங்கதான் முடிவு பண்ணணும்."

உங்க இஷ்டம்! இதை அவள் சண்டை போட்டுச் சொல்லியிருந்தால்கூட நான் ஜெயித்திருப்பேன். சிரித்த முகமாகச் சொன்னாள். சிரித்துக்கொண்டே விட்டுக்கொடுக்கிற ஆளிடம் எப்படிச் சண்டை போடுவது? எனக்குப் பழக்கமில்லை.

கடைசியில் விஞ்ஞானத்தைக் கையில் எடுத்தேன். அளவு நாடாவோடு படகுக் கடைக்குப் போய் இரண்டையும் அங்குலம் அங்குலமாக அளந்தேன். கடைக்காரர் முதல் நாள் டீ கொடுத்தார். மறுநாள் தண்ணீர் கொடுத்தார். அதற்கப்புறம் என்னைக் கண்டதும் படகுக்கு அடியில் படுத்துக்கொண்டு ஏதோ வேலையிருப்பதுபோல் பாவனை செய்தார். அளவுகளைக் கொண்டுவந்து எங்கள் ஹாலில் தரை முழுக்க ஒட்டுத் தாளால் இரண்டு படகுகளையும் வரைந்தேன். சோபாவின் இந்தப் பக்கம் பெரியவள். ஜன்னல் பக்கம் சின்னவள். நடுவில் தண்ணீர். சாப்பாட்டு நாற்காலிகளைக் கோட்டுக்குள் போட்டு, குடும்பத்தை ஏற்றினேன்.

"அப்பா, எனக்கு நாளைக்கு டெஸ்ட் இருக்கு."

"படகுல உக்காந்தே படி. கால் நீட்ட இடம் இருக்கா பாரு."

"கால் மேஜையில இடிக்குது."

"அது மேஜை இல்ல. மேஜையை நினைக்காத. ஏரியை நினை."

என் மனைவி துடைப்பத்தோடு சமையலறையிலிருந்து வந்தாள். ஏரிக்கு நடுவில் விறுவிறுவென்று நடந்து வந்து பெரியவளின் விலாவைப் பெருக்கினாள்.

"ஏய், தண்ணியில நடக்காத!"

"தண்ணியா இது? ரெண்டு நாளாப் பெருக்காம தூசி. காலைத் தூக்குங்க."

காலைத் தூக்கினேன். சொந்தப் படகில் உட்கார்ந்து காலைத் தூக்கிக்கொண்டு இருக்கிறவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

"வர்ற சனிக்கிழமை மறுபடி கடைக்குப் போகணும். சாய்மானத்தோட சரிவை அளக்கல" என்றேன்.

"நான் வரல. சனிக்கிழமை எனக்கு க்ளாஸ். தினம் காலையில பயிற்சி வேற பண்ணச் சொல்லியிருக்காங்க."

"ம்" என்றேன். சரிவு எனக்கு முக்கியமாக இருந்தது. அதோடு, என்ன க்ளாஸ் என்று எனக்குத்தான் தெரியுமே. உடம்பு இளைக்கிற க்ளாஸாகத்தான் இருக்கும். அதைப் பற்றி மனைவியிடம் வாயைத் திறக்கிறவன் மடையன். "எதுக்குப் போறே?" என்றால் ஏன் போகக் கூடாதா என்பாள். "போயிட்டு வா" என்றால் அப்ப நான் குண்டா என்பாள். இந்த ஒரு விஷயத்திலாவது நான் விவரமானவன் என்று சொல்லிக்கொண்டு அளவு நாடாவைச் சுருட்டினேன்.

வாரங்கள் ஓடின. சனிக்கிழமை தோறும் அவள் க்ளாஸுக்குப் போனாள், நான் படகை அளக்கப் போனேன். ஒன்றிரண்டு தடவை தூரத்தில் துறைப் பக்கம் அவளைப் போலவே ஒருத்தி ஆரஞ்சு மிதவைச் சட்டை போட்டுக்கொண்டு நின்றாள். கண் பரிசோதிக்கிறவனுக்கே கண்ணாடி மாற்ற வேண்டிய காலம் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

கடைக்காரர் ஒரு நாள் படகுக்கு அடியிலிருந்து தானாகவே வெளியே வந்தார். "சார், கும்பிட்டுக் கேக்கறேன். குடும்பத்தோட வாங்க. ரெண்டுலயும் ஒரு சுத்து சுத்திக் காட்டறேன். அதுக்கப்புறம் ஒரு முடிவு எடுத்துடுங்க. எனக்கும் வயசாகுது" என்றார்.

போனோம். முதலில் பெரியவளில் ஒரு சுற்று. பிறகு சின்னவளில். ஏரி நடுவில் கடைக்காரர் எனக்கு இடம் விட்டார். அந்த உயரமான நாற்காலியில் உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்தேன். நெஞ்சு விரிந்தது. பின்னால் திரும்பிப் பார்த்தேன். மனைவி வாயை அசைத்தாள். ஒன்றுமே கேட்கவில்லை! கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆனந்தக் கண்ணீர். அந்த ஆனந்தத்தில் படகு அதே இடத்தில் வட்டம் போட ஆரம்பித்ததை நான் கவனிக்கவில்லை.

"சார், திருப்புங்க! இந்தப் பக்கம்! சார், அந்தப் பக்கம் சார்!"

"எந்தப் பக்கம்? இதுவா, அதுவா?"

எதிரே ஒரு படகு வந்தது. அதிலிருந்தவர்கள் முதலில் கையாட்டினார்கள், பிறகு கையால் வேறு விதமாக ஏதோ காட்டினார்கள். கடைக்காரர் பாய்ந்து ஸ்டியரிங்கைப் பிடுங்கினார். என் மனைவி பின்னாலிருந்து எழுந்து வந்து, "எதிர்ல ஒருத்தர் வந்தா நாம வலது பக்கம்தானே ஒதுங்கணும்?" என்று அவரிடம் கேட்டாள்.

"கரெக்டா சொன்னீங்க மேடம்!"

குருட்டாம்போக்கில் சொல்லியிருக்கிறாள் என்று நினைத்தேன். துறைக்கு வந்ததும் அவள் முதலில் குதித்து இறங்கி, கயிற்றைக் கம்பத்தில் இரண்டு சுற்றுச் சுற்றி ஒரு இழுப்பு இழுத்து முடிச்சுப் போட்டாள். படகு அசையவில்லை.

"இதை எங்க கத்துக்கிட்ட?"

"க்ளாஸ்லதான்."

இளைக்கிற க்ளாஸில் எதற்கு முடிச்சுப் போடச் சொல்லித்தருகிறார்கள்? கேட்க வாயெடுத்தேன். அடக்கிக்கொண்டேன். எதையாவது கட்டி இழுக்கிற உடற்பயிற்சியாக இருக்கும்.

அன்று சாயங்காலம் என் பொறுமை தீர்ந்துவிட்டது. திட்டமும் வேண்டாம், தந்திரமும் வேண்டாம் என்று சட்டையை உதறிக்கொண்டு சமையலறை வாசலில் நின்றேன்.

"இங்க பாரு. எனக்குச் சின்னவதான் வேணும். அந்த ஒத்தை நாற்காலிக்காகத்தான் வேணும். நீ என்ன சொன்னாலும் சரி, என் முடிவு இதுதான்!"

அவள் அடுப்பை அணைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டாள். என்னை நிதானமாகப் பார்த்தாள்.

"சரி."

"சரியா?"

"எனக்கும் அந்த நாற்காலிதான் பிடிச்சிருக்கு. நல்ல உயரம். நாளைக்கே சொல்லிடுங்க."

ஜெயித்துவிட்டேன்! எனக்குத் தலைகால் புரியவில்லை. மதிலுக்கு ஓடிப்போய்ப் பல் டாக்டரைக் கூவிக் கூப்பிட்டேன். "நம்ம வீட்டுலயும் படகு வருது சார். முழுக்க முழுக்க என் முடிவு. அவ வாயே திறக்கல" என்றேன்.

"வாயே திறக்கலையா? அப்ப ஜாக்கிரதையா இருங்க சார்" என்றார் அவர். பொறாமை. பல்லைப் பார்த்துப் பார்த்து மனுஷனுக்கு வயிறெல்லாம் எரிச்சல்.

சின்னவளைத் தண்ணீரில் இறக்குகிற நாளுக்காக நான் ஒரு தொப்பி வாங்கினேன். வெள்ளைத் தொப்பி. முன்னால் தங்க நிற நங்கூரம். கடையின் இருட்டறையில் அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் ஒரு வாரம் நின்றேன். எழுத்துப் பலகையைப் படித்துக்கொண்டிருந்த ஒரு வாடிக்கையாளர் இடையில் எழுந்து போய்விட்டார். போகட்டும்.

அந்த நாளும் வந்தது. நல்ல வெயில். சின்னவள் துறையில் மெல்ல ஆடிக்கொண்டு நின்றாள். கடைக்காரர் சாவியோடு நின்றார். அவர் முகத்தில் விடுதலை தெரிந்தது. நான் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, மார்பை நிமிர்த்தி, கையை நீட்டினேன்.

அவர் சாவியை என் கைக்கு மேலாக நீட்டி என் மனைவியிடம் கொடுத்தார்.

"வாழ்த்துகள் மேடம். பரீட்சையில நீங்கதான் முதல்னு துறையில எல்லாரும் பேசிக்கிறாங்க."

"என்ன பரீட்சை?" என்றேன்.

"படகு லைசென்ஸ் பரீட்சை சார். உங்களுக்குத் தெரியாதா?"

என் மனைவி அதற்குள் படகில் ஏறிவிட்டாள். நேராகப் போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். என் நாற்காலி! ஒரு தட்டுத் தட்டினாள். நாற்காலி சுழன்று வந்து என்னைப் பார்த்து நின்றது.

"இது அநியாயம்! எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா?"

"எத்தனை தடவை சொன்னேன்? சனிக்கிழமை க்ளாஸ்னு சொன்னேன். காலையில பயிற்சின்னு சொன்னேன். நீங்க ஹால்ல ஏரி வெட்டிட்டு இருந்தீங்க. என்ன க்ளாஸ்னு ஒரு தடவையாவது கேட்டீங்களா?"

"நான் அது ஏதோ உடம்பு இளைக்கிற க்ளாஸ்னு நினைச்சு..."

சொல்லி முடிப்பதற்குள் தெரிந்துவிட்டது. கடைக்காரர் மெதுவாகத் திரும்பி இன்னொரு படகுக்கு அடியில் போனார். "போச்சு, அப்பா" என்றாள் என் மகள்.

"எனக்கு எதுக்கு இளைக்கிற க்ளாஸ்?" என்றாள் மனைவி.

ஏரியில் ஒரு அலை இல்லை. ஒரு காக்கை இல்லை.

"இல்ல... வந்து... நீ ஏற்கெனவே..."

"ஏற்கெனவே என்ன?"

"ஏற்கெனவே... இளைச்சுதான் இருக்க."

"ஏறுங்க" என்றாள்.

ஏறினேன். ஸ்டியரிங்கைப் பற்றிப் பேச வந்தவனுக்கு உயிர் பிழைத்ததே போதும் என்றாகிவிட்டது. ஆனாலும் மனசு கேட்கவில்லை. "எனக்கு வாழ்க்கையில ஒரே ஒரு ஆசைதான் இருந்துச்சு" என்றேன்.

அவள் முகம் கொஞ்சம் இளகியது. "தெரியும்ங்க. உங்களுக்குப் படகு வேணும். எனக்கு நாம எல்லாரும் உசுரோட கரைக்குத் திரும்பி வரணும். ரெண்டும் நடக்கணும்ல? வெயில்ல கண்ணு கூசுது, அந்தத் தொப்பியைக் கொடுங்க."

கொடுத்தேன். அவளுக்கு அது கச்சிதமாகப் பொருந்தியது. அதுதான் இன்னும் எரிச்சல். மகள் பின் சீட்டில் சாய்ந்துகொண்டு புத்தகத்தைத் திறந்தாள். நான் கோபமாகத்தான் நின்றுகொண்டிருந்தேன். நான் ஓட்டாமல் இந்தப் படகு ஓர் அடி நகரக் கூடாது என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போது அவள் ஒரு கையில் சுருட்டிய கயிற்றையும் இன்னொரு கையில் சாப்பாட்டுக் கூடையையும் தூக்கிப் பிடித்தாள்.

"கயித்தைப் பிடிச்சுக்கிறீங்களா, கூடையைப் பிடிச்சுக்கிறீங்களா? இதுவா, அதுவா?"

நான் நெற்றியைச் சுருக்கினேன். கூடை என்பது பெண்டு பிள்ளைகள் வேலை. கயிறு என்றால் அதில் ஒரு பொறுப்பு இருக்கிறது. கப்பலில் கயிறு பிடிக்கிறவனுக்கு ஒரு மரியாதை உண்டு. ஆனால் கூடை கையில் இருந்தால் பசிக்கும்போது யாரையும் கேட்க வேண்டாம். கயிறு கையை அறுக்கும். இருந்தாலும் கௌரவம் கயிற்றில்தான்.

"இன்னொரு தடவை காட்டு" என்றேன்.

காட்டினாள்.

"கயிறு!" என்றேன் உறுதியாக. இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு பின் சீட்டில் போய் உட்கார்ந்தேன். சரியான முடிவுதான் எடுத்தேன் என்று ஒரு திருப்தி.

படகு துறையை விட்டு நகர்ந்து, கடைக்காரர் தூரத்தில் சின்னதாகி, பாதி ஏரி தாண்டிய பிறகுதான் எனக்கு உறைத்தது. கறுப்பா பழுப்பா! என் கடையில், என் வாயால், நானே சொல்லிக்கொடுத்தது!

துள்ளி எழுந்தேன்.

"ஏய்! நான் எப்ப ஓட்டுறது?" என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

அவள் நாற்காலியை லேசாகத் திருப்பினாள். நங்கூரத் தொப்பிக்குக் கீழே காதுக்குப் பக்கத்தில் கையை வைத்துக்கொண்டாள்.

"என்னங்க? கேக்கல! இன்ஜின் சத்தம்! கயித்தை ஒழுங்காப் பிடிங்க!"

அவள் சொன்னது மட்டும் எனக்கு ஒவ்வொரு எழுத்தும் தெளிவாகக் கேட்டது.